நிறுவனங்களின் சமூகப் பொறுப்புத் (சி.எஸ்.ஆர்.) துறையில் பணிக்குச் சேர விரும்புவோருக்கு

இத்துறைக்கு வர விரும்புவோர் முதலில் படிக்க வேண்டியது 2013ஆம் ஆண்டு நிறுவனங்கள் சட்டத்தின் 135ஆம் பிரிவையும், எவை சமூகப் பணிகள் எனப் பட்டியலிடும் ஏழாம் அட்டவணையையும்தான். முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி ரூபாய் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றை எட்டிய நிறுவனம், தன் மூன்றாண்டுச் சராசரி நிகர லாபத்தில் குறைந்தது 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சொந்த ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படும் செலவு இக்கணக்கில் சேராது. புதியவர்கள் குழம்பும் இடம் இது.

அடுத்து, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை எடுத்து, எந்த மாவட்டத்தில், யார் வழியாக, எவ்வளவு செலவாயிற்று, எவ்வளவு மிஞ்சியது என்று வரிவரியாக வாசியுங்கள். வண்ணப் படங்கள் நிறைந்த முன்பக்கங்களைத் தாண்டிவிடலாம். விஷயம் பின்னிணைப்பில்தான் இருக்கும்.

சந்தை மதிப்பில் முதல் 1,000 இடங்களில் உள்ள நிறுவனங்கள் பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி வகுத்த நிலைத்தன்மை அறிக்கையை (பி.ஆர்.எஸ்.ஆர்.) 2022-23 முதல் கட்டாயமாக அளித்து வருவதால், தண்ணீர், மின்சாரம், கழிவு ஆகியவற்றின் அளவுகளைத் திரட்டிச் சரிபார்க்கத் தெரிந்தவர்களுக்குத் தேவை இருக்கிறது. சாயக்கழிவால் நொய்யல் ஆறு கெட்டு, 2011இல் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்ட திருப்பூரில் ஒரு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைப் பார்த்து, ஆர்.ஓ. எனும் சவ்வூடு வடிகட்டலுக்குப் பின் எஞ்சும் உப்புநீரைக் காய்ச்சி உப்பைப் பிரிப்பதற்கு ஆகும் எரிபொருள் செலவைக் கேட்டறிவது, என் கணிப்பில், பல சான்றிதழ் வகுப்புகளைவிடப் பயனுள்ளது.

விண்ணப்பத்தில் ஆர்வத்தைப் பற்றி எழுதுவதைக் குறைத்து, நீங்களே திரட்டிய ஓர் அளவீட்டையும் அதைச் சரிபார்த்த முறையையும் இணையுங்கள்.