லோடர் தூக்கலையா? பம்பக் கழட்டாதீங்க, மொதல்ல ஆயிலப் பாருங்க
சிங்கப்பூர்ல கிராஞ்சி பக்கம் ஃபார்ம்ல சின்ன டிராக்டர் வச்சிருக்கவங்க, முன்னாடி பக்கெட் மாட்டுன லோடர் மெதுவா தூக்குனாலே ஹைட்ராலிக் பம்ப் (ஆயில அழுத்தி லோடரத் தூக்க வைக்கிறது) போச்சுன்னு பயந்துடுறாங்க, பாதி நேரம் கோளாறு ஹைட்ராலிக் ஆயில்லதான். பக்கெட்ட தரையில இறக்கி இன்ஜின ஆஃப் பண்ணி லீவர நாலு தடவ முன்னபின்ன ஆட்டி பிரஷர விட்டுட்டு, ஹைட்ராலிக் ஆயில் அளவு காட்டுற டிப்ஸ்டிக்க (இன்ஜின் ஆயிலோடது இல்ல) உருவிப் பாருங்க. அளவு கொறஞ்சிருந்தா ஊத்துங்க. ஆயில் தே தாரிக் (பால் டீ) கலர்ல இருந்தா தண்ணி கலந்திருக்கு, இங்க பெய்யுற மழைக்கும் புழுக்கத்துக்கும் கேக்கவா வேணும், ஆயிலையும் ஃபில்டரையும் சேத்தே மாத்திடுங்க. நுரை கட்டி பம்ப் கொய்ங்னு கத்துனா காத்து இழுக்குது, சக்‌ஷன் ஹோஸ் (பம்புக்கு ஆயில் போற குழாய்) கிளாம்ப டைட் பண்ணுங்க. லீக்கத் தேட கைய மட்டும் வைக்கவே வைக்காதீங்க, ஊசி ஓட்டையில பீய்ச்சுற ஆயில் தோலுக்குள்ளயே எறங்கிடும், கார்ட்போர்டு அட்டைய வச்சுப் பாருங்க. எறங்கிட்டா வலிக்கலேன்னாலும் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க.