ஆர்டிசி வளர்க்க ஆசையா? மீனைக் கடைசியில் வாங்குங்கள்

கோலாலம்பூரில் கொஞ்சம் பெரிய அக்வாரியம் கடை எதற்குப் போனாலும் ஒரு மூலைத் தொட்டியில் ஆர்டிசி (ரெட் டெய்ல் கேட்ஃபிஷ், அதாவது சிவப்பு வால் கெளிறு) குஞ்சு இருக்கும். கறுத்த முதுகு, வெள்ளை வயிறு, சிவப்பு வால், உடம்புக்குப் பொருந்தாத நீள மீசை. விரல் நீளம்தான், விலையும் சில பத்து ரிங்கிட்தான். "இது எவ்வளவு வளரும் பாஸ்?" என்று கேட்டுப் பாருங்கள், "தொட்டி அளவுக்குத்தான் வளரும்" என்பார்கள். அதை நம்பித்தான் பாதிப் பேர் வாங்குகிறார்கள். சுத்தப் பொய். சின்னத் தொட்டியில் வளர்ச்சி குறைந்தால் அதற்குக் காரணம் அழுக்குத் தண்ணீரும் நெருக்கடியும்தான், அப்படி வளர்ந்த மீன் முதுகு வளைந்து, உடம்பு கெட்டு, சீக்கிரம் செத்துப்போகும்.

இந்தச் சிவப்பு வால் கெளிறு அமேசான், ஓரினோக்கோ ஆறுகளைச் சேர்ந்தது. நல்ல தீனியும் இடமும் கிடைத்தால் ஒரு வருடத்திலேயே ஒன்றரை அடியிலிருந்து இரண்டடி வரை வந்துவிடும், அப்புறம் ஒரு மீட்டரைத் தாண்டும். ஆற்றில் பிடிபட்டவற்றில் 50 கிலோவுக்கு மேலும் உண்டு. ஆயுள் 15 வருடத்துக்கும் மேல். ஆரம்பப் பள்ளிக்குப் போகும் பையனுக்கு வாங்கிக் கொடுத்தீர்கள் என்றால் அவன் படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போதும் மீன் வீட்டில்தான் இருக்கும், தீனி போடுவது நீங்களாக இருப்பீர்கள். அதனால் இந்த விளக்கத்தில் மீன் வாங்குவது ஐந்தாம் படி.

முதல் படி: எந்த மீன் என்று முடிவு செய்யுங்கள்

ஆர்டிசியை விட்டால் கடையில் அதிகம் பார்ப்பது பரூன் சுறா. பெயரில்தான் சுறா, உண்மையில் சாவ்பிரயா ஆற்றுப் பெருங்கெளிறு. 3 மீட்டர் வரை போகக்கூடியது, மிரண்டால் கண்மண் தெரியாமல் ஓடிச் சுவரில் மோதும், இயற்கையில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. வீட்டுக்கு வேண்டாம், அவ்வளவுதான். நாம் சாப்பிடும் பாத்தின் கெளிறும் மீட்டருக்கு மேல் வளரும், அதுவும் கூட்டமாக வாழும் மீன். நம் நாட்டு ஆற்றுக் கெளிறான தாப்பாவும் சின்ன மீனில்லை.

மேக்கோங் ராட்சதக் கெளிறு என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நிதானியுங்கள். 2005இல் தாய்லாந்தில் 293 கிலோவில் ஒன்று பிடிபட்டதே, அந்த இனம். அழியும் உயிரினங்களின் உலக வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் ஒப்பந்தத்தின் முதலாம் பட்டியலில் இருக்கிறது, கெலிசா (அரோவானா) மீன் இருக்கும் அதே பட்டியல். கெலிசாவைச் சிப், சான்றிதழ் இல்லாமல் வாங்கக் கூடாது என்று தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. இங்கே 2008ஆம் ஆண்டின் அழிந்துவரும் உயிரின வணிகச் சட்டத்தின் கீழ் வரும். எந்த மீனாக இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து நீங்களே வரவழைப்பதாக இருந்தால் 1985 மீன்வளச் சட்டப்படி அனுமதி வேண்டும். வாங்கும் முன் மீன்வளத் துறைக்கு ஒரு போன் போட்டு, நீங்கள் நினைத்திருக்கும் இனத்துக்குத் தடை ஏதும் உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் படி: இடம்

பிளாட், காண்டோ என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. தண்ணீர் இரண்டடி ஆழம் இருந்தாலே ஒரு சதுர மீட்டருக்கு 600 கிலோ இறங்குகிறது. வீட்டுத் தளங்களை வழக்கமாக 150, 200 கிலோ சுமைக்குத்தான் கணக்குப் போட்டுக் கட்டுகிறார்கள். "நாலு பேர் நின்றாலே அவ்வளவு கனம் வருமே" என்று வாதாடுவார்கள், நாலு பேர் இருபத்துநாலு மணி நேரமும் 15 வருடம் ஒரே இடத்தில் நிற்பதில்லை.

தரை வீடு, தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) டெரஸ் வீடு என்றால் வழி உண்டு. முழுதாக வளர்ந்த ஒரு மீன் தாராளமாகத் திரும்பி நீந்த 15 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம் வையுங்கள். ஏறத்தாழ 13,500 லிட்டர். நீளத்தைவிட அகலம் முக்கியம், மீன் வளையாமல் திரும்ப வேண்டுமே. கார் போர்ச்சில் பாதி போய்விடும், அதனால் காரை எங்கே வைப்பது என்று வீட்டுக்காரம்மாவிடம் இப்போதே பேசிவிடுங்கள். வாடகை வீடு என்றால் வேண்டாம்.

மூன்றாம் படி: குளம், ஃபில்டர், கரண்ட்

சிமெண்டுக் குளமோ தடிமனான ஃபைபர் தொட்டியோ நல்லது. கெலி (சாப்பாட்டுக் கெளிறு) வளர்க்கிற கேன்வாஸ் குளம் மலிவுதான், ஆனால் நாலைந்து மாதத்தில் பிடித்து விற்கும் மீனுக்கானது அது, இத்தனை வருடத்துக்கு நான் அதை நம்ப மாட்டேன். கண்ணாடித் தொட்டியை மறந்துவிடுங்கள். தரையில் சின்னக் கல் எதுவும் போடக் கூடாது. ஆர்டிசி வாய்க்குள் போகும் எதையும் விழுங்கும்: கூழாங்கல், ஏர் ஸ்டோன், வெப்பமானி, ஃபில்டர் மூடி. அடித்தளம் வெறுமையாக இருக்கட்டும், மறைவுக்குப் பெரிய பிவிசி குழாயோ தூக்க முடியாத கல்லோ வையுங்கள். மேலே கனமான வலை மூடி, ஏனென்றால் குதிக்கும்.

பம்ப் ஒரு மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதையும் ஒரு சுற்றாவது ஃபில்டர் வழியாகத் தள்ள வேண்டும். ஃபில்டர் பெட்டியில் நுண்ணுயிர் குடியேற ஜப்பானிஸ் மேட், பயோ பால் என்று எது போட்டாலும் சரி, இடம் தாராளமாக வேண்டும். 100 வாட் பம்ப் ஒன்று இரவும் பகலும் ஓடினால் மாதம் 72 யூனிட், கரண்ட் பில்லில் தெரியும். ஹீட்டர் தேவையில்லை, நம் ஊர் வெயிலே போதும். வெப்பத் தண்ணீரில் பிராண வாயு குறைவு என்பதுதான் இங்கே கவலை. மின்தடை வந்தால் பெரிய மீன் மூச்சுத் திணறிப்போகும், பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கட்டாயம்.

நான்காம் படி: தண்ணீரைப் பழக்குவது

பலரும் தாண்டிக் குதிக்கிற படி இது. மீன் கழிவிலிருந்து அமோனியா வரும், அது விஷம். ஃபில்டரில் குடியேறும் நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கும். இந்தக் கூட்டம் உருவாக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். மீன் இல்லாமல் குளத்தை ஓடவிட்டு, ஒரு வலைப்பையில் சில இறால்களை அழுகப் போடுங்கள், சொட்டு டெஸ்ட் கிட் வைத்து வாராவாரம் பாருங்கள். அமோனியாவும் நைட்ரைட்டும் முதலில் ஏறி, பிறகு இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்து நிற்க வேண்டும். மீன் வளர்க்கும் நண்பர் இருந்தால் அவருடைய பழைய ஃபில்டர் மேட் ஒரு துண்டு வாங்கிப் போடுங்கள், சீக்கிரம் முடியும்.

அதன் பிறகு நைட்ரேட்டைக் குறைக்க வாரம் ஏறத்தாழ 4,000 லிட்டர் மாற்ற வேண்டியிருக்கும். குழாய்த் தண்ணீரில் குளோரின் உண்டு, ஆன்ட்டி குளோரின் போடாமல் ஊற்றக் கூடாது. தண்ணீர் வெட்டு வரும் ஊர் நம் ஊர், எனவே தோங்கில் (பெரிய பீப்பாயில்) சேமித்து வைப்பீர்கள். அந்தத் தோங்கை இறுக்கி மூடுங்கள். ஏடிஸ் கொசு முட்டையிட்டால் 1975 பூச்சி ஒழிப்புச் சட்டத்தில் அபராதம், அதைவிட மோசம் பக்கத்து வீட்டுக்கு டிங்கி.

ஐந்தாம் படி: மீன்

இப்போது வாங்கலாம், ஆனால் குஞ்சு வேண்டாம். குஞ்சாக வாங்கியவர்கள் இரண்டடி வளர்ந்ததும் "யாராவது எடுத்துக்கொள்ளுங்களேன்" என்று தேடத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் இலவசம். அதில் ஒன்றை எடுங்கள், ஒரு மீனுக்கு வாழ இடம் கிடைக்கும், கடைக்காரருக்கு இன்னொரு குஞ்சு வரவழைக்கக் காரணமும் இருக்காது. போய்ப் பார்க்கும்போது உங்கள் கண்முன் தீனி போடச் சொல்லுங்கள். மீசை முழுசாக இருக்கிறதா, கண் தெளிவாக இருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, செவுள் படபடக்காமல் நிதானமாக அசைகிறதா என்று பாருங்கள்.

கொண்டுவருவது தனி வேலை. இரண்டு நாள் முன்பே தீனியை நிறுத்தச் சொல்லுங்கள். வலை போடவே கூடாது, பக்கத் துடுப்பு முள் வலையில் சிக்கினால் மீனுக்கும் காயம், உங்கள் கைக்கும் காயம். தடித்த பிளாஸ்டிக் விரிப்பில் தண்ணீரோடு ஏந்தி மூடியுள்ள பெரிய தோங்குக்கு மாற்றி, லோரியில் ஏர் பம்ப்போடு ஏற்றுங்கள். இரண்டு ஆள் வேண்டும். வீட்டில் உங்கள் குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துப் பழக்கிய பிறகுதான் விட வேண்டும். செதில் இல்லாத மீன் என்பதால் பொதுவான மீன் மருந்துகளை முழு அளவு போடாதீர்கள்.

ஆறாம் படி: தீனி

இறால் ஓட்டோடு, திலாப்பியா துண்டு, மூழ்கும் பெல்லட். கோழி, மாட்டிறைச்சி வேண்டாம், அந்தக் கொழுப்பு மீனுக்குச் செரிக்காது. உயிருள்ள கோல்ட்ஃபிஷ் போட்டுக் காணொளி எடுப்பதும் வேண்டாம், நோய் வரும். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததுக்கு வாரம் ஒன்றிரண்டு தடவை போதும். இடுக்கியால் கொடுங்கள், விரலுக்கும் இறாலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது. துணைக்கு மீன் போடலாமா என்று கேட்பீர்கள். போடலாம், காலையில் இருக்காது.

இனி வைத்திருக்க முடியாது என்றால்

ஆற்றிலோ ஏரியிலோ விடாதீர்கள், தித்திவாங்சா ஏரியாக இருந்தாலும் சரி, கோம்பாக் ஆறாக இருந்தாலும் சரி. பண்டாராயா மீன் (தொட்டிப் பாசி தின்னும் கெளிறு) எப்படி நம் ஆறுகளை நிறைத்தது என்று பார்த்துவிட்டோம், அதுவும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் தொட்டி கழுவ வாங்கியதுதான். முதலில் மற்ற வளர்ப்பாளர்களைக் கேளுங்கள், அப்புறம் காசு கட்டித் தூண்டில் போடும் குளங்கள் சிலவற்றில் எடுத்துக்கொள்வார்கள், அதுவும் இல்லையென்றால் மீன்வளத் துறையிடம் கேளுங்கள்.

இரண்டாம் படியிலேயே நின்றுவிட்ட பிளாட்வாசிகளுக்கு: மூன்றடித் தொட்டி ஒன்றில் ஆறேழு கோரிடோரஸ், கூட ஒரு பிரிஸ்டில்நோஸ், இரண்டுமே குட்டிக் கெளிறு இனங்கள். முதலாவது கட்டைவிரல் அளவு, இரண்டாவது அரை அடிக்குள் நின்றுவிடும், இரண்டுக்கும் மீசை உண்டு. நான்காம் படி அவற்றுக்கும் அப்படியே பொருந்தும், தண்ணீர் மட்டும் வாரம் இரண்டு வாளி.