நாலு டிவிக்கு ஒரே ஆன்டெனா

எடுத்த எடுப்பில் பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் கருவி) வாங்கப் போகாதீர்கள். நான் போனேன். ஒரு டிவியில் பளிச்சென்று தெரிந்த படம், நாலு அறைக்குப் பிரித்ததும் கட்டம் கட்டமாக உடைந்தது. பூஸ்டரை வாங்கிக் கூடத்து டிவிக்குப் பின்னால் மாட்டினேன். சிக்னலைப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையும் கேபிளையும் தாண்டித் தேய்ந்து வந்த சிக்னலோடு இரைச்சலையும் சேர்த்தே பெருக்கியது அது.

முதலில் ஒரு டிவியைச் சின்னக் கேபிளில் ஆன்டெனாவோடு நேராக இணைத்துப் பாருங்கள். அங்கேயே படம் தடுமாறினால் ஆன்டெனாவை உயர்த்துங்கள், கோபுரம் இருக்கும் திசைக்குத் திருப்புங்கள். கொஞ்சம் திருப்பியதும் சில நொடி பொறுங்கள். டிஜிட்டல் ட்யூனருக்குப் படம் பிடிக்க நேரம் வேண்டும்.

அங்கே நன்றாக வந்தால், இழப்பைக் கணக்குப் போடலாம். இருவழி ஸ்ப்ளிட்டர் சுமார் 3.5 டெசிபெல் (சிக்னல் கூடுவதையும் குறைவதையும் சொல்லும் அளவு) தின்னும். நால்வழி என்றால் 7; உள்ளே போனதில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒவ்வொரு டிவிக்கும் போய்ச் சேரும். ஆர்ஜி-6 என்ற ஆன்டெனாக் கேபிள் 30 மீட்டர் ஓடினால், யூஎச்எஃப் (உயர் அலைவரிசை) சேனல்களில் இன்னும் 5, 6 போகும். என் வீட்டுக்குக் கூட்டிப் பார்த்தால் 13. அதற்கு 15 டெசிபெல் பூஸ்டர் தாராளம். 30 வாங்கினால் இரட்டிப்பு நல்லது என்று நினைக்காதீர்கள். ஒளிபரப்புக் கோபுரம் பக்கத்தில் இருந்தால் பூஸ்டர் திணறி, நன்றாக வந்த சேனலையும் கெடுத்துவிடும்.

பூஸ்டரின் இடம் ஆன்டெனாக் கம்பம்தான், ஸ்ப்ளிட்டருக்கு முன்னால். அதற்கான மின்சாரம் வீட்டுக்குள்ளிருந்து அதே கேபிளில் மேலே ஏறும். அந்த மின்சாரத்தைக் கேபிளில் ஏற்றும் பவர் இன்சர்ட்டரை பூஸ்டருக்கும் ஸ்ப்ளிட்டருக்கும் நடுவே வையுங்கள். நான் ஸ்ப்ளிட்டருக்குக் கீழே வைத்து அரை நாளைத் தொலைத்தேன். சாதாரண ஸ்ப்ளிட்டர் அந்த மின்சாரத்தை மேலே விடாது.

ஸ்ப்ளிட்டரில் டிவி மாட்டாத வாய்க்கு 75 ஓம் டெர்மினேட்டர் (வாயை அடைக்கும் சின்ன மூடி) போடுங்கள். கம்பத்துக்கும் கேபிளின் நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெளிவலைக்கும் எர்த் கட்டாயம். மின்கம்பி அருகே ஓடினால் கம்பத்தை அங்கே நிறுத்தவே வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் என் நாலாவது அறையில் படம் வரவில்லை. பூஸ்டரைத் திட்டிக்கொண்டே கேபிள் முனையில் இருக்கும் எஃப் கனெக்டரைக் கழற்றினால், வெளிவலையின் ஒரு மயிரிழை நடுக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தது.