ஆசனவாய் வெடிப்பு: மருந்திலும் ஆபரேஷனிலும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவை சிகிச்சைப் புறநோயாளிப் பிரிவில் நாற்காலி காலியாக இருந்தும் சுவரோரமாக நின்றுகொண்டே இருப்பவரைப் பார்த்தால், எதற்கு வந்திருக்கிறார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். பெயர் கூப்பிட்டதும் பக்கத்தில் வந்து, "சிஸ்டர், லேடி டாக்டர் இருக்காங்களா?" என்றோ "ஜென்ட்ஸ் டாக்டர்தானே?" என்றோ மெதுவாகக் கேட்பார்கள். ஆசனவாய்த் தோல் கிழிந்து புண்ணாகும் இந்த வெடிப்பு, முதல் பிரசவத்துக்குப் பிறகு எனக்கும் வந்தது. அன்று நான் செய்த அதே காரியங்களை இன்று புதிதாக வருகிறவர்கள் செய்வதைத் தினமும் பார்க்கிறேன். தண்ணீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள் என்பதை வீட்டிலேயே எல்லோரும் சொல்லிவிடுவார்கள். அதனால் மற்றதைச் சொல்கிறேன்.

வலி, ரத்தம் என்றாலே மூலம் என்று முடிவு கட்டுவது

இந்தத் தவறைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது. மோஷன் போகும்போது கண்ணாடித் துண்டு கிழித்துக்கொண்டு போவது போல வலி, அப்புறம் அரை மணி நேரமோ மூன்று, நான்கு மணி நேரமோ விடாத எரிச்சல், துடைத்தால் கொஞ்சம் சிவப்பு ரத்தம். இது பெரும்பாலும் வெடிப்பு. சாதாரண உள்மூலத்தில் ரத்தம் சொட்டும், ஆனால் வலி இருக்காது. மூலத்தில் ரத்தம் கட்டிக்கொண்டாலோ, வெளியே வந்து மாட்டிக்கொண்டாலோதான் கடுமையாக வலிக்கும். இந்த வித்தியாசம் தெரியாததால் பலர் துத்தி இலையிலும் கருணைக்கிழங்கு லேகியத்திலும் மாதக்கணக்கை ஓட்டுகிறார்கள். "உடம்பு சூடு" என்று இளநீர் குடித்தே நாளைக் கடத்துகிறவர்களும் உண்டு.

இன்னொரு குழப்பமும் சேர்ந்துகொள்கிறது. ஆறு, எட்டு வாரத்துக்கு மேல் ஆறாமல் கிடக்கும் வெடிப்பின் கீழ் முனையில் தோல் தடித்து, ஒரு சின்னத் தொங்கலாக வளரும். கழுவும்போது விரலில் தட்டுப்படும். "முளை வந்துடுச்சு, அப்போ மூலம்தான்" என்று அங்கேயே தீர்மானித்துவிடுகிறார்கள். அந்தத் தொங்கல், மேலே பழைய வெடிப்பு இருக்கிறது என்பதற்கான அடையாளம். அதை மட்டும் நறுக்கினால் வெடிப்பு ஆறாது.

அடுத்து கண்ணில் படுவது பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டியிருக்கும் நோட்டீஸ்: "மூலம், பௌத்திரம், ஆபரேஷன் இல்லாமல், ஊசி மூலம் நிரந்தரத் தீர்வு." லாரி ஓட்டும் ஒரு தம்பி அப்படி ஓரிடத்துக்குப் போயிருந்தார். மனைவியின் கம்மலை அடகு வைத்துப் பணம் கட்டினாராம். படிப்பே இல்லாத ஒருவர், என்ன மருந்தென்றுகூடச் சொல்லாமல் அந்தத் தொங்கலின் அடியில் ஊசி போட்டிருக்கிறார். இரண்டு நாளில் தோல் கருத்துப்போய் உரிந்தது. எங்களிடம் வந்து சேர்ந்தபோது புண் ஆறி, தழும்பு இறுகி, டாக்டரின் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு ஆசனவாய் சுருங்கியிருந்தது. மோஷன் பென்சில் கனத்துக்குத்தான் வந்தது. அதற்குமேல் அவருக்குத் திரும்பத் திரும்ப விரிவாக்கம், பிறகு தோலை நகர்த்தித் தைக்கும் ஆபரேஷன். அவருக்கு முதலில் இருந்தது வெறும் வெடிப்பு. ஆயின்மென்ட்டிலேயே ஆறியிருக்க நல்ல வாய்ப்பு இருந்தது.

ஊசி என்றாலே ஆகாது என்று நான் சொல்லவில்லை. ஆரம்பநிலை உள்மூலத்துக்குப் படித்த சர்ஜன்கள் ஊசி போடுகிறார்கள். அதை வலி நரம்பு இல்லாத மேல்பகுதியில், அளவோடு போடுவார்கள். வெடிப்பு இருப்பதோ வலி நரம்பு நிறைந்த கீழ்த்தோலில். அந்த மருந்துக்கு அங்கே வேலையே இல்லை. வெடிப்புக்கென்று போடும் போட்டாக்ஸ் ஊசி வேறு. அது ஆசனவாயை மூடிவைக்கும் இறுகிய சுருக்குத் தசையை ஏறக்குறைய மூன்று மாதம் தளர்த்தி வைக்கும், அதற்குள் புண் ஆற வழி கிடைக்கும். எந்த மருந்து, எந்த இடத்தில், எந்த நோய்க்கு என்று கேளுங்கள். வாயால் சொல்லாதவரிடமும், சீட்டில் எழுதித் தராதவரிடமும் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள்.

இருப்பது மூலமா வெடிப்பா என்று தெரிந்துகொள்வது ஒன்றும் கஷ்டமில்லை. இடதுபக்கம் சாய்ந்து, முழங்காலை மடக்கிப் படுத்தால், பிட்டத்தை லேசாக விலக்கிப் பார்த்தே டாக்டர் சொல்லிவிடுவார். வலி அதிகமாக இருந்தால் அன்றைக்கு விரல் விட்டுப் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. "இன்னைக்கு வேண்டாம் டாக்டர், ரொம்ப வலிக்குது" என்று நீங்களே சொல்லலாம். வெடிப்பு பெரும்பாலும் பின்பக்க நடுக்கோட்டில் இருக்கும், பெண்கள் சிலருக்கு முன்பக்கமும் வரும். பக்கவாட்டில் இருந்தால் காசநோய், கிரோன் என்ற குடல் அழற்சி நோய், புற்றுநோய் எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்க வேண்டும். சுவர் நோட்டீஸ்காரரிடம் போனவர்களுக்கு இந்த யோசனை கிடைப்பதே இல்லை.

வலிக்குப் பயந்து மோஷனை அடக்குவது

எல்லோரும் செய்வது இது. உள்ளே தங்கும் மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், அது கெட்டியாகும். அடுத்த முறை இன்னும் பெரிதாகக் கிழிக்கும். வலியில் உள்சுருக்குத் தசை இறுகும், அது இறுகினால் அந்தத் தோலுக்குப் போகும் ரத்த ஓட்டம் குறையும், ரத்தம் குறைந்த இடத்தில் புண் ஆறாது. இந்தத் தசை நம் கட்டுப்பாட்டில் இல்லை. மனதை எவ்வளவு தளர்த்தினாலும் அது தானாகத் தளராது.

பயத்தில் சாப்பாட்டையே குறைத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரசவமான பெண்களுக்குப் பத்தியம் என்று காய்கறியைக் குறைத்துவிடுகிறோம், கூடவே இரும்புச்சத்து மாத்திரை வேறு. அவர்களுக்கு மலமிளக்கி சிரப்பையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொடுங்கள். இசப்கோல் குடித்தால் கூடவே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெறும் இசப்கோல் எடுத்துவிட்டு, இன்னும் கெட்டியாகப் போகிறது என்று வருகிறவர்கள் நிறைய.

ஆயின்மென்ட்டைப் பத்து நாளில் நிறுத்துவது

டில்டியாசெம், நைட்ரோகிளிசரின் இரண்டும் தசையைத் தளர்த்தும் மருந்துகள். வலி ஒரு வாரத்திலேயே குறையலாம், புண் ஆற ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். வலி போனதும் டியூபை அலமாரியில் வைத்துவிட்டு, மூன்றாம் வாரம் கறிவிருந்துக்குப் போய்வந்து, திரும்பவும் கிழிந்து வருகிறார்கள். மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் மூல க்ரீம்களில் பெரும்பாலும் மரத்துப்போகும் மருந்தும் சில சமயம் ஸ்டீராய்டும்தான் இருக்கும். தசையை அவை தளர்த்தாது, ஸ்டீராய்டை வாரக்கணக்கில் தடவினால் தோல் மெலியும்.

நைட்ரோகிளிசரின் தடவினால் தலைவலி வரலாம், அதைப் படுத்துக்கொண்டு தடவுங்கள். வயாக்ரா வகை மாத்திரை எடுக்கும் ஆண்கள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இரண்டும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும்.

வெந்நீர் டப்பில் டெட்டால்

வேண்டாம். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் 10 முதல் 15 நிமிடம் உட்கார்ந்தால் போதும்.

ஆபரேஷன் என்றதும் காணாமல் போவது

"தசையை வெட்டுவாங்களாம், அப்புறம் அடக்கவே முடியாதாம்" என்று யாரோ சொல்லியிருப்பார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு பழைய காரணம் உண்டு. 1951இல் தென்னாப்பிரிக்க சர்ஜன் ஐசன்ஹாமர் உள்சுருக்குத் தசையை வெட்டும் முறையை எழுதியபோது, பின்பக்க நடுக்கோட்டில்தான் வெட்டினார்கள். அங்கே பள்ளமான தழும்பு விழுந்து, சிலருக்கு உள்ளாடையில் கசிவு இருந்தது. பிறகு வெட்டும் இடம் பக்கவாட்டுக்கு மாறியது. 1969இல் நோடராஸ் என்ற சர்ஜன் அதையே சின்னக் கீறல் வழியாகச் செய்யும் எளிய முறையை வெளியிட்டார். இன்று நடப்பது பெரும்பாலும் இந்த வழிதான். உள்தசையின் ஒரு பகுதியை மட்டும், பக்கவாட்டில் வெட்டுவார்கள். நாம் விரும்பி அடக்கும் வெளித்தசையைத் தொடுவதில்லை.

பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஆறிவிடுகிறது. பலர் அன்றே வீட்டுக்குப் போகிறார்கள். முதல் சில வாரம் காற்றை அடக்குவது சிலருக்குச் சிரமமாக இருக்கும், பெரும்பாலானவர்களுக்கு அது சரியாகிவிடும். ஒரு சிலருக்கு அது சரியாகாமலும் போகலாம். அதை மறைத்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது சரியில்லை. நீங்களே கேளுங்கள்.

பழைய விஷயங்களைச் சொல்லாமல் மேஜையில் ஏறுவது

பிரசவத்தில் கிழிந்து தையல் போட்டது, பௌத்திர ஆபரேஷன், இப்போதே காற்றோ தண்ணீர் மாதிரி மலமோ தெரியாமல் கசிவது, அடிக்கடி வயிற்றுப்போக்கு, ரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை. இதில் ஒன்று இருந்தாலும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தசையை வெட்டாமல் போட்டாக்ஸோ, ஆரோக்கியமான தோலை நகர்த்தி மூடும் முறையோ உங்களுக்குப் பொருத்தமாக இருக்கலாம். மாமியார் கூட வந்திருப்பதால் தையல் விஷயத்தைச் சொல்லாமல் இருந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன். துணைக்கு வந்தவரை வெளியே அனுப்பச் சொல்லிக் கேட்டால் நாங்கள் அனுப்பிவிடுவோம்.

லேசர் என்ற வார்த்தைக்காகக் கூடுதல் பணம் கட்டுவது

எதை வைத்து வெட்டுகிறார் என்பது இருக்கட்டும். எந்தத் தசையை, எவ்வளவு வெட்டப்போகிறார் என்று கேளுங்கள்.

ஆபரேஷன் முடிந்ததும் மலமிளக்கி சிரப்பை நிறுத்துவது

முதல் மோஷனுக்குப் பயப்படாதவர் இல்லை. ஆனால் பழைய வெட்டும் வலி இப்போது இல்லை என்று பலரும் அன்றே சொல்லிவிடுகிறார்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரை மலச்சிக்கலைக் கொண்டுவரும், அதனால் அது இருக்கும்வரை மலமிளக்கியும் இருக்க வேண்டும். டாய்லெட்டில் போனை வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் காலுக்கடியில் ஒரு சின்ன ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள்.

துடைக்கும்போது கொஞ்சம் ரத்தம் படுவது சில நாள் இருக்கும். ரத்தம் கட்டிகட்டியாகப் போனாலோ, காய்ச்சல் வந்தாலோ, வலி குறையாமல் கூடிக்கொண்டே போனாலோ, சிறுநீர் பிரியாமல் வயிறு கனத்தாலோ அன்றைக்கே வந்துவிடுங்கள். இரவாக இருந்தாலும் அவசரப் பிரிவு திறந்துதான் இருக்கும்.