இ-ரீடருக்குப் பாதுகாப்பான சார்ஜர்: கடைக்குப் போகுமுன் ஒரு செய்முறை விளக்கம்

கிண்டில், கோபோ மாதிரி இ-ரீடர் (மின்னூல் வாசிக்கும் கருவி) வாங்கினால் பெட்டிக்குள் பெரும்பாலும் ஒரு கேபிள் மட்டும்தான் இருக்கும். சுவரில் செருகும் சார்ஜரை நாம்தான் தேடிக்கொள்ள வேண்டும். கடைக்குப் போனால் "20 வாட் இருக்கு, 65 வாட் இருக்கு, எது வேணும்?" என்று கேட்பார்கள். இ-ரீடருக்கு அந்த வாட் கணக்கு பெரிய விஷயமே இல்லை. சுவரில் வருவது 230 வோல்ட். அதற்கும் உங்கள் கையில் இருக்கும் கருவிக்கும் நடுவில் நிற்பது அந்தச் சின்னப் பெட்டி ஒன்றுதான். அது ஒழுங்காகச் செய்யப்பட்டதா என்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

படி 1: கருவியின் துவாரத்தைப் பாருங்கள்

இரண்டு பக்கமும் வட்டமாக, எப்படிச் செருகினாலும் போவது டைப்-சி. ஒரு பக்கம் குறுகி, ஒரே வாக்கில் மட்டும் போவது மைக்ரோ யூஎஸ்பி. 2021-இல் வந்த கிண்டில் பேப்பர்வைட்டில் இருந்து டைப்-சி. அதற்கு முந்திய பேப்பர்வைட்டுகள் மைக்ரோ. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2024 டிசம்பர் 28 முதல் விற்கப்படும் புதிய இ-ரீடர்களுக்கு டைப்-சி கட்டாயம் என்பதால், இனி வாங்குவது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

படி 2: வீட்டு லாச்சியைத் திறந்து லேபிளை வாசியுங்கள்

புதிதாக வாங்குமுன் பழைய போன் சார்ஜர்களை எடுத்து மேசையில் வையுங்கள். எழுத்து மிகப் பொடியாக இருக்கும். போன் கமராவால் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

'இன்புட்' என்ற வரியில் 100 முதல் 240 வோல்ட், 50/60 ஹேர்ட்ஸ் என்று இருக்க வேண்டும். 'அவுட்புட்' வரியில் 5 வோல்ட் இருக்க வேண்டும். ஆம்பியர் 1 அல்லது அதற்கு மேல் எவ்வளவு இருந்தாலும் சரி. 2 ஆம்பியர், 3 ஆம்பியர் போட்டால் பற்றரி வெடிக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. தனக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்பதை இ-ரீடருக்குள் இருக்கும் சுற்றுதான் தீர்மானிக்கிறது. அதற்கு மேல் சார்ஜர் அதற்குள் தள்ளாது. 9, 15, 20 வோல்ட் என்று எழுதியிருக்கும் பெரிய சார்ஜர்களும் கருவி கேட்டால்தான் அந்த வோல்ட்டைக் கொடுக்கும், கேட்காவிட்டால் 5-இல் நிற்கும். ஆனால் இதெல்லாம் விதிப்படி செய்த சார்ஜருக்குத்தான்.

மடிக்கணினியின் யூஎஸ்பியில் செருகியும் சார்ஜ் செய்யலாம். அந்த 2021 பேப்பர்வைட்டுக்குக் கணினியில் ஏறத்தாழ 5 மணி நேரம், 9 வாட் சார்ஜரில் இரண்டரை மணி நேரம் என்பது கிண்டிலைச் செய்யும் அமேசான் தரும் கணக்கு. ஒருமுறை ஏற்றினால் வாரக்கணக்கில் வரும் கருவிக்கு இந்த வித்தியாசம் பொருட்டே அல்ல.

கடைசியாக, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட குறி இருக்கிறதா என்று பாருங்கள். இரட்டைக் காப்பு உள்ளது என்பதன் அடையாளம் அது. நல்ல சார்ஜருக்குள் 230 வோல்ட் பக்கமும் 5 வோல்ட் பக்கமும் ஒன்றையொன்று தொடவே தொடாது. நடுவில் சில மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, சின்ன ட்ரான்ஸ்போமர் வழியாக மட்டும் சக்தி கடக்கும். போலியில் அந்த இடைவெளி ஒரு கோடளவுக்குச் சுருங்கிவிடும். கொஞ்சம் ஈரம் பட்டாலோ ஒரு பாகம் பழுதானாலோ 230 வோல்ட் அப்படியே கேபிளுக்குள் வந்துவிடலாம். 2016-இல், மின்சாதனங்களின் பாதுகாப்பைச் சோதிக்கும் யூஎல் நிறுவனம் ஆப்பிள் பெயரில் வந்த 400 போலிச் சார்ஜர்களைச் சோதித்தது. தேறியவை 3 மட்டுமே. குறியையும் போலியாக அச்சிடலாம் என்பதால் அடுத்த படியையும் விடாதீர்கள்.

படி 3: முள்ளைப் பாருங்கள்

நம் இலங்கை வீடுகளில் 13 ஆம்பியர் சதுர முள் பொயின்ட்டும் இருக்கும், பழைய வட்ட முள் பொயின்ட்டும் இருக்கும். சார்ஜர் இரண்டு முள்ளோடு வந்தால் என்ன செய்கிறோம்? பேனாவை எடுத்து மேல் துவாரத்துக்குள் குத்தி, கீழே இருக்கும் மூடியைத் திறந்து, முள்ளைச் செருகுகிறோம். தயவுசெய்து இதை நிறுத்துங்கள். குழந்தைகளின் விரலும் கம்பியும் உள்ளே போகாமல் தடுப்பதற்காக வைத்த மூடி அது. அப்படிச் செருகிய முள் தளர்வாகவே நிற்கும். தளர்ந்த இடத்தில் பொறி பறக்கும், பிளாஸ்டிக் உருகும். சதுர முள் உள்ள சார்ஜராகவே வாங்குங்கள்.

வாங்கும்போது பிள்ளையின் பள்ளிக்கூட அடிமட்டம் ஒன்றைக் கொண்டு போங்கள். முள்ளின் பக்கத்தில் இருந்து சார்ஜரின் விளிம்பு வரை குறைந்தது 9.5 மில்லிமீற்றர் இருக்க வேண்டும். கீழே உள்ள இரண்டு முள்ளிலும் அடிப்பாதி கறுப்பு உறை போட்டிருக்க வேண்டும். மேலே உள்ள பெரிய முள் முழுக்கப் பிளாஸ்டிக்காக இருக்கலாம், முழுக்க உலோகமாகவும் இருக்கலாம். மேலே உள்ள அந்த உலோக முள்ளில் பாதிக்கு உறை போட்டிருந்தால் அந்தச் சார்ஜரைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

படி 4: கடையில்

கொழும்பில் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்கள் என்று எங்கும் கிடைக்கும். இடத்தை வைத்து நல்லது கெட்டது சொல்ல முடியாது. கையில் எடுத்துப் பாருங்கள்: இறகு போல் லேசாக இருந்தால் உள்ளே பாகங்கள் குறைவு. மூட்டு இடைவெளி விட்டிருந்தாலோ, லேபிளில் எழுத்துப்பிழை இருந்தாலோ வேண்டாம். "நானா, பில்லும் வாரண்டியும் தருவீங்களா?" என்று கேளுங்கள். தயங்காமல் தருபவரிடம் கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது நல்லது. பேர்போன போன் நிறுவனங்களின் 10 அல்லது 20 வாட் சார்ஜர், அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் வாங்கியது, தாராளமாகப் போதும்.

படி 5: கேபிள்

இ-ரீடரோடு வந்த கேபிளையே பாவியுங்கள். தொலைந்துபோனால் அதையும் நல்ல கடையில் வாங்குங்கள். 2016-இல் கூகுள் பொறியாளர் பென்சன் லியூங் டைப்-சி கேபிள்களைச் சோதித்தபோது, உள்ளே வயர்கள் மாற்றிப் பொருத்தப்பட்ட ஒரு கேபிள் அவருடைய மடிக்கணினியையே பழுதாக்கிவிட்டது. இரண்டு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறாமல் அடம்பிடித்தால், ஒரு முனை பழைய செவ்வக யூஎஸ்பியாக உள்ளதைப் போட்டுப் பாருங்கள். சில கருவிகள் அதில்தான் ஏறும்.

படி 6: முதல் சார்ஜ்

பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது செய்யுங்கள். மேசை மேல் வையுங்கள். மெத்தை, தலையணை வேண்டாம். அரை மணி நேரம் கழித்துச் சார்ஜரின் உடம்பில் கை வைத்துப் பாருங்கள். இளஞ்சூடு சரி. கையை வைத்திருக்க முடியாத சூடு, கருகல் வாசனை, இரைச்சல், தொட்டால் சுள்ளென்று ஒரு ஷொக், இவற்றில் ஒன்று இருந்தாலும் முதலில் சுவர் சுவிட்சை அணைத்து, அப்புறம்தான் கழற்ற வேண்டும். அந்தச் சார்ஜரை வேறு ஒருவருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

வெள்ளவத்தை, தெஹிவளைக் கரையோரம் இருப்பவர்கள் உப்புக் காற்றில் கருவியின் துவாரத்துக்குள் பச்சைக் களிம்பு படிந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேர இடி தொடங்குமுன்னே சார்ஜரைச் சுவரில் இருந்து கழற்றி வைத்துவிடுங்கள். சார்ஜ் மறுநாள் காலையில் போடலாம்.