மினா பைஅத் பள்ளிவாசல்: ஜியாரத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மினாவில் ஹாஜிகள் கல்லெறியும் தூண்களில் மக்காவை ஒட்டியது ஜம்ரத்துல் அகபா. அங்கிருந்து மக்கா பக்கம் இறங்கினால் அரை கிலோமீட்டருக்குள் பைஅத் (உறுதிமொழி) பள்ளி இருக்கிறது. சிறிய பள்ளிதான். பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை. ஜியாரத்துக்காக (புனித இடத்தைப் பார்க்க) தேடிப் போகிறவர்களும் ஆண்டுக் கணக்கிலும் சட்டத்திலும் குழம்பிவிடுகிறார்கள்.

முதல் குழப்பம், இதை நபி (ஸல்) கட்டிய பள்ளி என்று நினைப்பது. மதீனாவாசிகள் நபியவர்களுக்கு உறுதிமொழி கொடுத்த இரண்டாம் அகபா உடன்படிக்கை நடந்தது கி.பி. 622-இல். அந்த இடத்தின் அடையாளமாகப் பள்ளியைக் கட்டியவர் அப்பாஸிய கலீஃபா அபூ ஜஅஃபர் அல்-மன்ஸூர். ஆண்டு ஹிஜ்ரி 144, அதாவது கி.பி. 761. உடன்படிக்கை இரவில் நபியவர்களுடன் வந்து பேசியவர் சிறிய தந்தை அப்பாஸ் (ரலி). அப்போது அவர் இஸ்லாத்தை ஏற்றிருக்கவில்லை. மன்ஸூர் அவருடைய வழித்தோன்றல். கலீஃபா இந்த இடத்தின் மேல் அக்கறை காட்டியதில் குடும்பப் பெருமைக்கும் பங்கிருக்கும் என்றே தோன்றுகிறது.

இன்னொன்று, சந்திப்புகளை ஒன்றாகக் கலப்பது. 620-இல் மதீனாவின் கஸ்ரஜ் குலத்தார் ஆறு பேர் நபியவர்களைச் சந்தித்தார்கள். 621-இல் பன்னிரண்டு பேர் பைஅத் செய்தார்கள்; இணைவைக்க மாட்டோம், திருட மாட்டோம், விபச்சாரம் செய்ய மாட்டோம், பிள்ளைகளைக் கொல்ல மாட்டோம் என்பவை அதன் வாக்குறுதிகளில் சில. அவர்களோடு முஸ்அப் இப்னு உமைர் (ரலி) மதீனாவுக்கு அனுப்பப்பட்டார். 622-இல் வந்தவர்கள் 73 ஆண்கள், 2 பெண்கள். தங்கள் மனைவி மக்களைக் காப்பது போல் நபியைக் காப்போம் என்பது இவர்களின் வாக்கு. சில மாதங்களில் ஹிஜ்ரத் (நபியவர்கள் மதீனாவுக்குக் குடிபெயர்ந்தது) நடந்தது இதன் பலத்தில்தான். மரத்தடியில் நடந்த பைஅத்துர் ரிள்வான் வேறு; அது ஹுதைபியாவில், ஹிஜ்ரி 6-இல். குர்ஆனின் அல்-ஃபத்ஹ் அத்தியாயம் பேசுவது அதைத்தான்.

இன்றைய வெட்டவெளியைப் பார்த்து, 'இங்கேயா இரகசியமாகக் கூடினார்கள்?' என்று கேட்பவர்கள் உண்டு. அன்று இது மலைகளுக்கிடையே ஒதுங்கிய பள்ளத்தாக்கு. இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கு கழிந்தபின், கூட வந்த இணைவைப்பாளர்களுக்குத் தெரியாமல், கூடாரங்களிலிருந்து ஒவ்வொருவராக நழுவி வந்தார்கள். ஜம்ராத் விரிவாக்கத்துக்காக மலையை வெட்டியபோதுதான் பள்ளி இப்படி வெளியே தெரிய ஆரம்பித்தது.

சட்ட விஷயத்தில் பெரிய தவறு, ஹஜ் நாட்களில் இங்கே தங்கிவிட்டு மினாவில் இரவு தங்கிய கணக்கில் சேர்ப்பது. மினாவின் எல்லை ஜம்ரத்துல் அகபா. பள்ளி அதைத் தாண்டி மக்கா பக்கம் இருக்கிறது. ஹாஜிகள் யாரும் மினா இரவுகளில் அகபாவுக்கு அப்பால் தங்கக் கூடாது என்று உமர் (ரலி) தடுத்திருக்கிறார்கள். அதேபோல் மக்காவில் இருப்பவர் மறு உம்ராவுக்கு இங்கே வந்து இஹ்ராம் கட்ட (உம்ரா நிலைக்குள் நுழைய) முடியாது. இது ஹரம் (மக்காவின் புனிதப் பகுதி) எல்லைக்குள்ளேயே இருக்கிறது. எல்லைக்கு வெளியே தன்ஈமுக்கோ ஜிஃரானாவுக்கோ போக வேண்டும்.

இங்கே தொழுவதற்குத் தனி நன்மை எதுவும் சொல்லப்படவில்லை. ஹஜ் கிரியைகளிலும் இது சேராது. திறந்திருந்தால் பள்ளிக்குள் நுழைந்ததும் தொழும் இரண்டு ரக்அத் தஹிய்யத்துல் மஸ்ஜித் தொழலாம். அஸருக்குப் பின் போனால், அந்நேரம் நஃபில் (உபரி) தொழக் கூடாது என்பதால் ஹனஃபி மத்ஹபினர் மஃரிப் வரை பொறுக்க வேண்டும். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களின் ஷாஃபிஈகளுக்கு ஹரம் எல்லைக்குள் அந்தத் தடை இல்லை. தொழுகைக்குத் திசை: இங்கிருந்து கஅபா ஏறக்குறைய நேர் மேற்கே.

ஹஜ் நாட்களில் இதற்காக ஜம்ராத் கூட்டத்தை எதிர்த்துத் திரும்பி நடக்கவே கூடாது. 2006-இல் ஜம்ராத் நெரிசலில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; ஒருவழிப் பாதையை அவ்வளவு கண்டிப்பாக நடத்துவது அதனால்தான். உம்ரா காலமே இந்த ஜியாரத்துக்கு வசதி. ஆனால் அப்போது மினா ஆளில்லாத கூடார ஊர். திரும்ப வண்டி கிடைக்காது. போக, காத்திருக்க, திரும்ப என்று மூன்றுக்கும் சேர்த்து டாக்சி பேசுங்கள். தங்குமிடத்திலேயே ஒளு செய்துகொண்டு, தண்ணீரோடு காலையில் போங்கள். கதவு பூட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். சுவரைத் தடவி முகத்தில் பூசுவது, பெயர் கிறுக்குவது, கல் பெயர்த்து எடுப்பது எதுவும் வேண்டாம்.