ரிலிஜன் கிளாஸ் எடுத்த ஃபாதர், எதிக்ஸ் எடுத்த மிஸ் பெயரில் கல்லூரியில் பரிசு வைப்பது எப்படி

கத்தோலிக்கக் கல்லூரியில் படித்தவர்களுக்குத் தெரியும், கிறிஸ்தவப் பிள்ளைகள் ரிலிஜன் கிளாஸுக்கும் மற்றவர்கள் எதிக்ஸ் கிளாஸுக்கும் பிரிந்து போவோம். மார்க்குக்காக யாரும் கவலைப்படாத பாடம். ஆனால் இருபது வருடம் கழித்து பேட்ச் கூடும்போது முதலில் பேச்சில் வருவது அந்த வகுப்பை எடுத்தவர்கள்தான். அவர்கள் பெயரில் எண்டோமென்ட் பரிசு (முதலைத் தொடாமல் வட்டியில் வருடாவருடம் தரும் பரிசு) வைக்க நினைத்தால், பணம் திரட்டும் முன் அதை யாருக்குக் கொடுப்பது என்று ஒரு பக்கம் எழுதுங்கள்.

இதைத்தான் பலரும் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தள்ளினால் ஆபீஸில் "பாடத்தில் முதல் மதிப்பெண்" என்று போட்டுவிடுவார்கள். எங்களுக்கு எதிக்ஸ் எடுத்த மிஸ் அட்டெண்டன்ஸ் முடிந்ததும், முந்தின நாள் வராதவன் பெஞ்ச் பக்கத்தில் போய் நின்று, வீட்டில் என்னப்பா என்று அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் விசாரிப்பார். அவர் பெயரில் உள்ள பரிசை மார்க் பார்த்துக் கொடுத்தால் அது அவர் பரிசே இல்லை. அதனால் நாங்கள் எழுதியது இது: இன்னொரு மாணவருக்குக் கஷ்டத்தில் துணை நின்றவர், எந்த மதமானாலும் சரி, சக மாணவர்கள் மூன்று பேர் நடந்ததை எழுதிப் பரிந்துரைக்க வேண்டும், "நல்ல பையன்" என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் ஏற்கக் கூடாது.

ஆசிரியர் உயிரோடு இருந்தால், பெயரை வைக்கலாமா என்று நேரில் போய்க் கேளுங்கள். ஃபாதர், சிஸ்டர்கள் தயங்கலாம். துறவற சபையைச் சேர்ந்தவர்கள் என்றால் சொந்தமாகச் சொத்து வைத்துக்கொள்வதில்லை என்று ஏழ்மை வார்த்தைப்பாடு கொடுத்தவர்கள், அவர்கள் சம்பளமே சபைக்குத்தான் போகும். பணம் மாணவருக்குத்தான் என்று விளக்குங்கள். பெயருக்குப் பின்னால் சே.ச. (சேசு சபை) போன்ற சபைச் சுருக்கத்தை மறக்காமல் போடுங்கள்.

அப்புறம் பணம். கல்லூரி அதை வைப்பு நிதியில் போட்டு வட்டியில் பரிசு தரும். 7 சதவீதம் என்றால் 1 லட்சத்துக்கு வருடம் 7,000 ரூபாய். அதில் 5,000 மட்டும் கொடுத்து மீதியை முதலோடு சேர்க்கும்படி ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். அந்தக் காலத்தில் 1,000 ரூபாய் போட்டு வைத்த பரிசுக்கு இன்று வருடம் 70 ரூபாய்தான் வட்டி வரும், ஒரு புத்தகம்கூட வாங்க முடியாது. வரிச்சலுகை வேண்டுபவர்கள் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம், சலுகை கிடைக்காது. வெளிநாட்டு நண்பர்கள் விஷயத்தில் கவனம்: இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர் கொடுத்தால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை) இருந்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். டெல்லி எஸ்பிஐ முதன்மைக் கிளையில் உள்ள கல்லூரியின் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) கணக்குக்கே நேராகப் போக வேண்டும். நீங்கள் வாங்கி மாற்றிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒன்று, காலேஜ் டே மேடையில் பரிசுப் பெயர்களை மடமடவென்று வாசித்துக்கொண்டே போவார்கள். நாலைந்து வருடத்தில் அந்த மிஸ் யார் என்று வாங்குகிற பிள்ளைக்கே தெரியாது. அதனால் சான்றிதழின் பின்பக்கத்தில் அவரைப் பற்றி நாலு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள், பட்டம், பதவி எல்லாம் வேண்டாம், அந்தப் பெஞ்ச் பக்கத்தில் போய் நின்றதை எழுதினால் போதும்.